ஏழாவது வீட்டுப் பங்கு

கும்ரி, 2001 மார்ச் 11

அன்புள்ள தெரெனிக் அண்ணனுக்கு,

சிர்வார்த் எழுதுகிறேன். நானும் மகள் ஷொகெரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த வலியை எனக்கு அனுப்பிவிடு, இங்கே எனக்கு வேறு என்ன வேலை. ரஸ்தோவ் பேருந்து ஓட்டும் ஹாமோவிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பை ஆப்ரிகாட் வற்றலும் கொடுத்திருக்கிறேன். வழியில் கொஞ்சம் தின்றுவிடுவான், கோபிக்காதே.

பனி உருகி மைதானம் முழுக்கச் சேறு. அந்தச் சேற்றில் போன வாரம் யெரெவானிலிருந்து கால்பந்து ஆட்கள் சிலர் பளபளக்கும் சப்பாத்தோடு வந்தார்கள். நாடாவைப் பிடித்து அளந்துகொண்டே வந்தவர்கள் நம் தகர வீட்டுக் கதவில் முட்டி நின்றார்கள். உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். அதில் ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க அடுப்பு சரியா பெனால்டி புள்ளியில இருக்கு" என்றார். "தெரியும் தம்பி. பூகம்பத்திலேருந்து இங்கதான் சமைக்கிறேன், இதுவரைக்கும் ஒரு கோலும் விழல" என்றேன். காபி மூக்கில் ஏறிவிட்டது அவருக்கு.

விஷயம் இதுதான். ஊருக்கு ஊர் பிள்ளைகளுக்கு நல்ல மைதானம் போட்டால்தான் நாட்டு அணி உருப்படும் என்று யெரெவானில் முடிவு செய்திருக்கிறார்கள். கும்ரிக்கு நம் நெசவாலை மைதானம். புதுப் புல், வேலி, உடை மாற்ற ஓர் அறை. பெண் பிள்ளைகளுக்கும் ஓர் அணி உண்டாம். ஷொகெர் அன்றிலிருந்து, கோல் காக்கப் போடும் கம்பளிக் கையுறையைத் தூங்கும்போதும் கழற்றுவதில்லை. ஒரே நிபந்தனை, செப்டம்பர் முடிவதற்குள் மைதானம் காலியாக வேண்டும். அதாவது அதில் தகர வீட்டில் இருக்கும் நாங்கள் ஏழு குடும்பமும் போக வேண்டும்.

உன் பழைய கோல்கீப்பர் செரோப் இருக்கிறானே, பிள்ளைகளுக்கு இப்போது அவன்தான் பயிற்சியாளர். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஏழு காயம் மாதா கோயிலுக்கு ஓடிப்போய், மைதானம் காலியாகிக் கைக்கு வந்தால் கிடா வெட்டி மதாக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டு வந்துவிட்டான். நோய் தீர்ந்தால், சிறையிலிருந்து பிள்ளை வந்தால் நேர்வது போல. கிடாவையும் வாங்கிக் கோல் கம்பத்தில் கட்டிவிட்டான். பக்கத்து வீட்டு நாஸிக் அவனைப் பார்த்துக் கேட்டாள்: "ஏன் செரோப், நாங்க என்ன உனக்கு வந்த காய்ச்சலா? விட்டதும் கிடா வெட்டறதுக்கு?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மதாக் கறி ஏழு வீட்டுக்குப் போக வேண்டும். மைதானத்துக்குப் பக்கத்து ஏழு வீடு எது? நாங்கள்தான். நாங்கள் தொலைந்த சந்தோஷத்துக்கு எங்களுக்கே கறி. பாவம், காதுவரைக்கும் சிவந்து நின்றான்.

எப்போது வருவாய்? உனக்கு ஒரு இருக்கை எப்போதும் உண்டு என்கிறான் ஹாமோ.

உன் வலியெல்லாம் எனக்கு வரட்டும்,
சிர்வார்த்

---

ரஸ்தோவ், ஏப்ரல் 2

என் உயிர்த் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். முதுகு அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். பாதி வற்றலைத் தின்றதை ஹாமோ தானாகவே ஒப்புக்கொண்டான். மிச்சத்தை எங்கள் கட்டடத்து ஆட்கள் எல்லோரும் ஆளுக்கொன்றாக வாயில் அடக்கிக்கொண்டோம். ஊரே வாயில் இருந்தது. உன் கைக்கு நன்றி.

ஒன்பது மாடிக் கட்டட வேலை ஒன்று நடக்கிறது. செங்கல், செங்கல், செங்கல். நம் ஊர்க் கல்லைத் தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்று.

செரோபைத் திட்டாதே. பந்து வருமுன்னே பாய்ந்து விழுவது அவனுக்குப் பிறவிக் குணம். எத்தனை கோலை அப்படி விட்டிருக்கிறான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவன் பைத்தியத்தில் நியாயம் இருக்கிறது. எழுபத்து மூன்றில் அராரத் அணி இரண்டு கோப்பையையும் தூக்கி வந்தபோது அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக ஆடினாரே, நீ மூன்று வயதுக் குழந்தை, உனக்கு நினைவிருக்காது. அடுத்த நாளே நெசவாலை மைதானத்தில் நிற்க இடமில்லாத அளவுக்குப் பிள்ளைகள். நாடு தனியாகிப் பத்து வருஷம், நம் அணி யாரையும் ஜெயிக்காவிட்டாலும் எல்லோரையும் கொஞ்சம் பயமுறுத்துகிறது. புல்லே பார்க்காத பிள்ளைகள் இதற்கு மேல் என்ன செய்வார்கள்?

மாற்று வீடு கொடுக்கிறார்கள்தானே? கொடுத்தால் யோசிக்காமல் போ. குழாயைத் திறந்தால் சமையலறையிலேயே தண்ணீர் வரும். குளிர்காலத்தில் வாளி தூக்க வேண்டாம். பதின்மூன்று குளிர்காலம் போதும் உனக்கு.

ஷொகெருக்கு என் முத்தம். கிடாவுக்கும் ஒன்று.

உனக்கு முன்னால் எனக்கு வரட்டும் எல்லா வலியும்,
தெரெனிக்

---

கும்ரி, ஏப்ரல் 29

அன்பு அண்ணா,

நாங்கள் சுகம். ஷொகெருக்கு முழங்கால் தேய்ந்திருக்கிறது, அது நோயில் சேராது. உன் கடிதத்தை மூன்று வீட்டில் வாங்கிப் படித்தார்கள். வற்றலை வாயில் அடக்கிய இடத்தில் நாஸிக் அழுதுவிட்டாள்.

வீடு கொடுக்கிறார்கள். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று கட்டிய நான்கு மாடிக் கட்டடம். ஆனால் எங்களுக்கென்று ஒதுக்கியது ஆறு வீடு. நாங்கள் ஏழு குடும்பம். எங்கே எண்ணிக்கை தவறியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜூனில் சீட்டுக் குலுக்கிப் போடப் போகிறார்கள். வெற்றுச் சீட்டு வருகிறவர் எங்காவது ஒண்டிக்கொண்டு அடுத்த கட்டடம் எழும்பும்வரை காத்திருக்க வேண்டுமாம். காத்திருப்பது எங்களுக்குப் புதிதா? இரண்டே வருஷம் என்று சொல்லித்தான் இந்தத் தகரத்தைக் கொடுத்தார்கள்.

செரோப் கேக் வாங்கிக்கொண்டு வீடு வீடாக மன்னிப்புக் கேட்டான். நேர்ந்ததை மாற்றவும் முடியாது, விடவும் முடியாது என்று தலையைப் பிடித்துக்கொள்கிறான். எங்கள் ஏழு வீட்டில் மூத்தவர் பெத்ரோஸ் தாத்தா சொன்னது சரி. "மதாக்கை வேண்டாம்னு சொன்னா பாவம். இதை வாங்கித் தின்னா மானக்கேடு. பையன் நம்மளை நல்லா மாட்டி விட்டான்." கிடா மட்டும் நிம்மதியாகக் கொழுக்கிறது. பிள்ளைகள் அதற்கு நடுவர் என்று பேர் வைத்துவிட்டார்கள். காரணமே இல்லாமல் எல்லோரையும் முட்டுகிறதாம்.

ஒரு வேடிக்கை கேள். செரோப் பிள்ளைகளை யெரெவானுக்குப் போட்டிக்குக் கூட்டிப்போனான். தகர வீடுகளுக்கு நடுவே ஆடிப் பழகியவர்கள், பந்தைப் பெத்ரோஸ் வீட்டுச் சுவரில் அடித்து அது திரும்பி வரும்போது ஓடி வாங்குவார்களே, அதே பழக்கத்தில் அங்கேயும் இடது பக்கம் ஓங்கி ஓங்கி அடித்திருக்கிறார்கள். அங்கே ஏது பெத்ரோஸ் வீடு? பந்து ஒவ்வொரு தடவையும் கோட்டைத் தாண்டிப் போயே போய்விட்டது. ஐந்து கோலில் தோல்வி. ஊர் திரும்பியதும் எல்லோரும் பெத்ரோஸ் தாத்தா வீட்டுச் சுவரைத் தட்டிக்கொடுத்தார்கள்.

போன கடிதத்தில் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுத மறந்துவிட்டாய். பரவாயில்லை, மறுபடி கேட்கிறேன். எப்போது வருவாய்?

உன் நிழலில் நிற்கும்,
சிர்வார்த்

மாமா, நான் ஷொகெர். நான் பெனால்டி தடுப்பேன். அம்மா அடுப்பை அணைத்த பிறகுதான் பழக முடிகிறது.

---

ரஸ்தோவ், மே 25

அன்பு சிர்வார்த்,

உன் கடிதம் கண்டு, முழங்கால் தவிர எல்லாம் சுகம் என்று அறிந்து, மனம் நிறைந்தது. பெத்ரோஸ் சுவர் கதையை இங்கே ரஷ்யக்காரர்களுக்கும் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள், ஆனால் நம் அளவுக்கு அவர்களுக்குப் புரியவில்லை.

ஹாமோவிடம் ஒரு பந்தும் கோல்கீப்பர் கையுறையும் கொடுத்தனுப்புகிறேன். நிஜத் தோல். இதை அவனால் தின்ன முடியாது.

சீட்டுக்கு முன்வரிசையில் நில். அந்தக் கட்டடம் எப்படிப்பட்டது என்று எழுது. கல்லா, கான்கிரீட்டைப் பலகையாக வார்த்து அடுக்கியதா? சுவர் எத்தனை தடிமன்? தரைக்கும் தரைக்கும் நடுவே கம்பி போட்டிருக்கிறார்களா? மாடிப்படி அகலமா? முடிந்தால் தரைத்தளத்தைக் கேள். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, இப்போது எல்லாம் நன்றாகத்தான் கட்டுகிறார்கள். நானே கட்டுகிறவன், எனக்குத் தெரியும்.

பெத்ரோஸ் தாத்தாவைக் கேட்டதாகச் சொல். அவர் வீடு நிற்கும் இடத்தில்தான் நான் இடது ஓரத்தில் ஓடுவேன்.

அன்போடு முத்தமிடும் அண்ணன்,
தெரெனிக்

---

கும்ரி, ஜூன் 20

அண்ணா,

எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். பந்துக்கும் கையுறைக்கும் ஷொகெர் தனியாக நன்றி எழுதுவாள், இப்போது அதைக் கழற்றிப் பேனா பிடிக்க மனமில்லை.

சீட்டுப் போட்டார்கள். எனக்கு நான்காம் மாடி வந்தது. நாஸிக்குக்கு வெற்றுச் சீட்டு. அவள் மருமகளுக்குப் பிரசவ நேரம். என் சீட்டை நாஸிக்கிடம் கொடுத்துவிட்டேன். அவள் என் கையை விடவே இல்லை. ஊரே என்னை வாழ்த்துகிறது, பாதிரியார்கூட ஞாயிற்றுக்கிழமை என் பேரைச் சொன்னார்.

திட்டாதே.

சிர்வார்த்

---

ரஸ்தோவ், ஜூலை 8

சிர்வார்த்,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டியதில்லை, சுகமாக இருக்கிறவள் இப்படிச் செய்யமாட்டாள்.

நாஸிக்குக்கு வீடு இல்லை என்றால் ஊரே கூடி வழி தேடட்டும். உனக்கு வயதுக்கு வரும் பெண் இருக்கிறாள். பூகம்பத்தில் கணவனைப் பறிகொடுத்துத் தகரத்துக்குள் ஒற்றை ஆளாகப் பதின்மூன்று குளிர்காலம் இருந்தவளுக்குக் கதவைத் தட்டி ஒரு வீடு வருகிறது, அதைத் தூக்கி வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டுத் திட்டாதே என்கிறாய். தர்மம் செய்வதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

இன்னொன்றும் யோசித்தாயா? ஆறு வீடு போய் உன் வீடு மட்டும் நின்றாலும் மைதானம் காலியாகாது. யெரெவான்காரர்கள் பணத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோவார்கள். செரோபின் பிள்ளைகள் இன்னும் பத்து வருஷம் சுவரில் அடிப்பார்கள். உன் மகளும்தான்.

நாஸிக்கிடம் பேசு. நல்லவள், புரிந்துகொள்வாள்.

தெரெனிக்

---

கும்ரி, ஆகஸ்ட் 19

டேய் தெரெனிக்,

செரோப் எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய், உன்னைப் போன்ற கல் நெஞ்சுக்காரனுக்கு என்ன வரும். நானும் நலம், பல் ஒன்று போயிற்று, அதுவும் ஆடும்போது இல்லை, நடுவர் முட்டி. நான் சொல்வது கிடாவை.

சிர்வார்த் உனக்கு எழுதவில்லை என்று ஹாமோ சொன்னான். எழுதமாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

ஆறு குடும்பமும் போய்விட்டது. கிரேன் வந்து தகர வீடுகளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இப்போது மைதானத்தில் ஒரே ஒரு வீடு, பெனால்டி எல்லைக்குள். செப்டம்பர் முடிவதற்குள் அதுவும் போகாவிட்டால் வேலை இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷமும் சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள். நான் அவளிடம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்? என் பிள்ளைகளின் சட்டையெல்லாம் அவள்தான் துவைத்துக் கொடுக்கிறாள். தண்ணீரும் அவளே தூக்குகிறாள்.

நீ அவளைத் திட்டி எழுதியதைப் படிக்கக் கொடுத்தாள். நியாயமான கடிதம். ஆனால் உனக்கு ஒன்று தெரியாது. சீட்டு விழுந்த அன்று நான்தான் அவளை வீடு காட்டக் கூட்டிப்போனேன். முதல் மாடி ஏறினாள். இரண்டாம் மாடிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "செரோப், இது அசையுதுடா" என்றாள். அசையவில்லை. நான் சத்தியம் பண்ணிப் பார்த்தேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்திருக்க முடியவில்லை அவளால். கடைசியில் ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டாள், மறு கையைப் பிடித்து நான் இறக்கிக்கொண்டு வந்தேன். வாசலுக்கு வந்ததும் சீட்டை மடித்து நாஸிக்கின் பையில் போட்டாள். ஊர் அதைத் தர்மம் என்கிறது. தர்மம்தான், இல்லை என்று சொல்லவில்லை. யாருக்கும் நான் இதைச் சொன்னதில்லை, உனக்கு மட்டும்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் இல்லை. பூகம்பம் வந்த அந்த டிசம்பரில் ஊரே தரையில் கிடந்தபோது எல்லோரையும் இந்த மைதானத்துக்குக் கூட்டிவந்தது யார்? நீதான். உன் மனைவி லுசிக்கைப் புதைத்த கையோடு வந்து நின்று, "எல்லாரும் இங்க வாங்க, இங்க மேல விழறதுக்கு ஒன்னுமில்ல" என்று கத்தினாய். எனக்குக் காதில் இருக்கிறது இன்னும். அந்த ஏழு குடும்பத்தையும் இந்தத் தரைதானே வைத்துக் காப்பாற்றியது? நான் மடையன், அவர்கள் போவதற்குக் கிடா நேர்ந்தேன்.

என்ன செய்யலாம், சொல். நீ எப்போதும் எனக்கு முன்னால் பந்தைப் பார்ப்பாய்.

உன் கோல்கீப்பர்,
செரோப்

---

ரஸ்தோவ், செப்டம்பர் 2

என் சிர்வார்த்,

உன் வலி எனக்கு வரட்டும் என்று எத்தனை கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அது ஏற்கெனவே என்னிடம் இருந்தது, அதைத்தான் உனக்கு எழுதவில்லை.

செரோப் எழுதினான். அவன்மேல் கோபப்படாதே. மன்னித்துவிடு என்று ஒரு வரி எழுதினால் போதாது, ஆகவே என்னைப் பற்றி எழுதுகிறேன்.

நான் இங்கே எங்கே படுக்கிறேன் என்று நீ கேட்டதே இல்லை. கட்டட ஆட்களுக்கு விடுதியில் ஐந்தாம் மாடியில் அறை. வந்த முதல் வாரம் அங்கே படுத்தேன். படுத்தேன் என்பது பேச்சுக்கு, சப்பாத்தைக் கழற்றாமல் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, இரவுக் காவலுக்கு நானே இருக்கிறேன் என்று சொல்லிக் கட்டட வாசலில் நிற்கும் தகர வண்டிக்கு வந்துவிட்டேன். ஒவ்வொரு கட்டடத்திலும் அதே. பகலெல்லாம் மாடிமேல் மாடி கட்டுவேன், மேலே நிற்கும்போது ஒன்றும் இல்லை. தலைக்கு மேலே கல் வந்துவிட்டால் மட்டும் மூச்சு நின்றுவிடும். இங்கே என்னைச் சிக்கனக்காரன் என்று நினைக்கிறார்கள். உன்னைத் தர்மவதி என்று நினைப்பது போலத்தான்.

எப்போது வருவாய் என்று நீ மறுபடி மறுபடி கேட்டாய். நான் மறக்கவில்லை. வந்தால் எந்த வீட்டுக்கு வருவேன்? லுசிக் இல்லாத தெரு ஒன்று. உன் தகர வீட்டில் மூன்றாவது கட்டிலுக்கு இடமில்லை. நீயும் கல் வீட்டுக்குப் போய்விட்டால், உன் வீட்டில்கூட என்னால் ஓர் இரவு தங்க முடியாது என்று பயந்துகொண்டே, போ போ என்று எழுதினேன். நீ போகவில்லை என்றதும் உள்ளுக்குள் எனக்கு நிம்மதிதான் வந்தது, அதை மறைக்கத்தான் அவ்வளவு கோபம் என்று இப்போதுதான் புரிகிறது.

நீ அந்தப் படியில் உட்கார்ந்ததற்கு வெட்கப்படாதே. நானும் உன் பக்கத்தில்தான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளக் கிடைத்ததற்குக் கடவுளுக்கும் செரோபின் ஓட்டை வாய்க்கும் நன்றி.

ஒன்று கேள். கோல் கோட்டுக்குப் பின்னால், மதில் மூலையில், ஆலையின் கொதிகலன் கொட்டகை இருந்த மேடு இன்னும் சும்மாதான் கிடக்கிறதா? செரோபை அதை அளக்கச் சொல். காரணம் கேட்டால் சொல்லாதே.

உன் அண்ணன்,
தெரெனிக்

---

கும்ரி, செப்டம்பர் 16

என் அண்ணாவுக்கு,

கண்ணும் உடம்பும் நலம். அழுததால் கண் வீங்கியது, ஆனாலும் நலம்தான்.

உன் கடிதத்தை இந்தத் தடவை யாருக்கும் படிக்கக் கொடுக்கவில்லை. தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன். எனக்கு உள்ளது உனக்கும் உண்டு என்று தெரிந்த பிறகு இரண்டு நாள் விழித்தெழாமல் தூங்கினேன். ஷொகெர் பயந்து கண்ணாடியை என் மூக்கில் வைத்துப் பார்த்தாளாம்.

மேடு சும்மாதான் கிடக்கிறது. செரோபிடம் காரணம் சொல்லவில்லை, அவனே கண்டுபிடித்துக்கொண்டான். மூளை இல்லாவிட்டாலும் மூக்கு உண்டு அவனுக்கு. நகர அலுவலகத்துக்கும் யெரெவானுக்கும் நடையாய் நடந்தான். காபி மூக்கில் ஏறியதே, அந்த மனிதர்தான் உதவினார். புது மைதானத்தைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் பக்கத்திலேயே இருந்தால் நல்லதுதானே, அக்காவே இருக்கட்டும் என்று எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டார். எந்தச் சாமி அன்றைக்கு என்னைக் காபி போட வைத்ததோ, அதற்குக் கும்பிடு.

நேற்றுக் கிரேன் வந்து நம் தகர வீட்டைத் தூக்கி அந்த மேட்டில் வைத்தது. நானும் ஷொகெரும் வெளியே நின்று பார்த்தோம். அலமாரியில் ஒரு குவளைகூட உடையவில்லை. வீடு இருந்த இடத்தில் மண் வெள்ளையாக இருக்கிறது. ஷொகெர் அந்த நிமிஷமே போய்க் கோலில் நின்று, யாராவது அடியுங்கள் என்று கத்தினாள்.

மதாக் 30ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அதைச் சொல்ல செரோப் புதுக் கட்டடத்தில் ஆறு வீட்டுக்கும் ஏறினான். நான் கீழே வாசலில் நின்றேன். எல்லோரும் படியிறங்கி என்னிடம் வந்தார்கள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாஸிக்கின் மருமகளும். அங்கே வைத்து செரோப் தொப்பியைக் கழற்றினான். "நீங்க போறதுக்குன்னு நேர்ந்தேன். அது என் புத்தி. இப்ப மாத்திக்கிட்டேன், சாமிகிட்டயும் சொல்லிட்டேன். அன்னைக்கு இந்த மண்ணு உங்களை வெச்சுக் காப்பாத்திச்சு. நீங்க அத்தனை பேரும் உயிரோட எந்திரிச்சுப் போறீங்க. அதுக்குத்தான் கிடா."

பெத்ரோஸ் தாத்தா மூக்கைச் சிந்திவிட்டு, "இதை மார்ச்சிலேயே சொல்லியிருந்தா கேக்கு வாங்கின செலவு மிச்சம்டா" என்றார். அப்புறம் சிரிப்பு.

நடுவரை வெட்டக்கூடாது என்று பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பேர் வைத்துவிட்டால் அது வீட்டு உயிர், அதே எடையில் வேறு கிடா கொடுங்கள் என்று பாதிரியாரும் சொல்லிவிட்டார். நடுவர் உயிரோடு இருந்து புதுப் புல்லைத் தின்னப் போகிறது. முதல் சிவப்பு அட்டை அதற்குத்தான் என்கிறாள் ஷொகெர்.

ஆறு பங்கு புதுக் கட்டடத்து ஆறு வீட்டுக்கு. ஏழாவது பங்கு எனக்கு. கறியைப் பொழுது சாய்வதற்குள் தின்று தீர்க்க வேண்டும், மிச்சம் வைக்கக்கூடாது, உனக்கே தெரியும். நானும் ஒரு சின்னப் பெண்ணும் எவ்வளவு தின்போம்?

இந்தத் தடவை எப்போது வருவாய் என்று கேட்கவில்லை.

உன்,
சிர்வார்த்

---

லார்ஸ் எல்லைச் சாவடி, செப்டம்பர் 29

அன்பு சிர்வார்த்,

நான் சுகம், ஹாமோ சுகம், பேருந்துதான் சுகமில்லை. மலைப்பாதையில் நின்றுவிட்டது. ஹாமோ அடியில் படுத்துக்கொண்டு அதன் அம்மாவை விசாரித்துக்கொண்டிருக்கிறான். கும்ரிக்குப் போகும் கார்க்காரர் ஒருவர் முன்னால் போகிறார், ஒரே ஓர் இடம் இருந்தது. மூட்டையை விட்டு வர மனமில்லாததால் இந்தக் கடிதத்தை அதில் ஏற்றி அனுப்புகிறேன்.

மூட்டையில் கொத்துக்கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு, நூல். ரஸ்தோவில் கணக்கு முடித்துவிட்டேன். தகர வண்டியின் சாவியைக் கொடுத்தபோது மேஸ்திரி, உனக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, இனிமேல்தான் கட்ட வேண்டும் என்றேன்.

ஏழாவது வீட்டுப் பங்கை எடுத்து வை. செரோப் கேட்டாலும் கொடுக்காதே, அவன் பல் போனவன், மெல்ல நேரமாகும். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன். ஹாமோ தோற்றால் நடந்தாவது வருவேன், இடது ஓரமாக.

பனி விழுவதற்குள் அந்த மேட்டிலேயே சுவர் ஏற்றிவிடலாம். நம் ஊர்ச் சிவப்புக் கல். ஒரே ஒரு தளம், அதற்கு மேல் ஒரு கல்லும் வைக்கமாட்டேன். மூன்று கட்டில் போட இடம், சமையலறையில் குழாய். கூரை தகரம்தான் தங்கச்சி, மெல்லிசாகப் போடலாம். விழுந்தாலும் எடுத்து மறுபடி மாட்டிக்கொள்வோம்.

ஷொகெரைக் கோலில் நிற்கச் சொல். வந்ததும் முதல் பெனால்டி நான்தான் அடிப்பேன்.

உன் அண்ணன்,
தெரெனிக்